செய்முறை நோட்டும் என் பெயரும்

செல்லூரிலிருந்து

கையில் காசு இல்லாத காலத்தில் நம்மை நாமே எப்படி மதித்தோம் என்று அவரவர் எழுதச் சொல்லியிருந்தீர்கள். ஒரு வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். மதுரையில் பதினோரு வருஷம் பத்திரிகை அடிக்கும் பிரஸ் வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை, இல்ல வசந்த விழா என்று எல்லாம் அடிப்போம். பத்திரிகை கைக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் தங்கள் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவார்கள். அடுத்து, பெயருக்குப் பின்னால் என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். பி.இ., தொழிலதிபர், ரியல் எஸ்டேட், காண்ட்ராக்டர். ப்ரூப் பார்க்க வந்தவர்கள், "மாமா பேருக்குப் பின்னாடி வெறுமனே இருக்கே, ஏதாவது போடுங்கண்ணே" என்று கேட்பார்கள். என் பெயருக்குப் பின்னால் ‘அச்சக உரிமையாளர்’ என்று வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நிமிர்வு வரும். அந்த இரண்டு வார்த்தைதான் நான் என்று நம்பியிருந்தேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்கள். சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கு அடித்த பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கடையிலேயே கிடந்தன. மீதித் தொகையை யாரிடம் போய்க் கேட்பது? அவர்கள் வீட்டுக் கல்யாணமே நின்று போயிருந்தது. விசேஷங்கள் மறுபடி தொடங்கியபோது ஐம்பது பேர், வாட்ஸப்பில் ஒரு படம், அவ்வளவுதான். மனைவியின் ஏழு பவுன் அடகுக்குப் போனது. 2021-இல் மிஷினையும் விற்றேன். இப்போது இன்னொருவர் பிரஸ்ஸில் டைப் செட்டிங் பார்க்கிறேன். மாதச் சம்பளம்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது செய்முறை, அதாவது மொய்.

எங்கள் பக்கத்து மொய் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நம் வீட்டு விசேஷத்தில் ஒருவர் ஆயிரம் ரூபாய் எழுதினால் அது அன்பளிப்பு இல்லை. வட்டியில்லாக் கடன். அவர் வீட்டில் விசேஷம் வரும்போது அந்த ஆயிரத்தோடு மேலே ஐநூறோ ஆயிரமோ புதுசாகச் சேர்த்து எழுத வேண்டும். வருஷம் ஏழு, எட்டு போயிருக்கும், விலைவாசி ஏறியிருக்கும், அதற்கும் சேர்த்துத்தான் அந்தப் புதுசு. என் அப்பா கிணறு ஆழப்படுத்தியது அப்படி வந்த பணத்தில்தான். அடமானம் வைக்க ஒன்றுமில்லாத மனிதருக்கு எந்த வங்கி கொடுத்திருக்கும்? அதனால் இந்த வழக்கத்தைக் கேவலமாகப் பேசுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ஊர், பெயர், தொகை என்று எழுதியிருக்கும். பீரோவில் நகையோடு வைத்திருப்போம்.

2014-இல் என் மகளுக்குக் காது குத்தியபோது சித்தப்பா ஐயாயிரம் எழுதியிருந்தார். 2022 ஆவணியில் அவர் பேரனுக்குக் காதுகுத்து. நான் குறைந்தது ஆறாயிரம் எழுத வேண்டும். என்னிடம் எழுநூறு ரூபாய் இருந்தது. பத்திரிகையும் வந்தது. வேறு எங்கேயோ அடித்தது. அதில் என் பெயருக்குப் பின்னால் ‘அச்சக உரிமையாளர்’ என்றே போட்டிருந்தார்கள். அதை அப்படியே மடித்து அலமாரித் துணிக்கு அடியில் வைத்தேன். வேலையாகச் சென்னை போகிறேன் என்று மனைவியை விட்டுப் போனில் சொல்லச் சொன்னேன். அன்றைக்கு முழுக்க வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் சித்தப்பா பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் தாம்பூலப் பை. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள், வாங்கவில்லை. உட்காரவும் இல்லை. "சென்னையிலருந்து எப்படா வந்த?" என்றார். நான் பேசவில்லை. "உங்கப்பன் செத்த அன்னைக்கு நான் கணக்குப் பாத்தா வந்து நின்னேன்? பேரன் மடியில உக்காந்து காது குத்துறப்ப உன்னைத் தேடுறேன், நீ நோட்டைப் பாத்துட்டு ஒளிஞ்சிருக்க" என்றார். குரல் உடைந்துவிட்டது அவருக்கு. பையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தெருமுனை வரை பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவர் ஆறுதல் சொல்லியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும், அதோடு போயிருக்கும். அவருக்குக் கோபம் வந்ததுதான் என்னை உலுக்கியது. நான் வராதது அவருக்கு நஷ்டம் என்பதே அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கார்த்திகையில் அத்தை வீட்டு விசேஷம் வந்தது. பழசு மட்டுமே இரண்டாயிரம். ஐநூறு ரூபாயோடு போனேன். இப்போது மொய் எழுதுவதற்குக் கம்ப்யூட்டர் வைத்துவிட்டார்கள். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் பத்தாயிரம் சொன்னார். என் முறை வந்ததும் அந்தப் பையன் நிமிராமலேயே "ஊரு, பேரு, தொகைண்ணே" என்றான். "ஐநூறு" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கிர்ரென்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ஓரம் சுருண்டு, விரலில் லேசாகச் சூடாக இருந்தது. அவன் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டான். அத்தை என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியா, பிள்ளைகளை ஏன் கூட்டிட்டு வரல?"

மீதி ஆயிரத்து ஐந்நூறை நான் கொடுப்பேன். அது கடன், அதில் மாற்றமில்லை.

அனுப்பானடியிலிருந்து

அண்ணே, உங்கள் சித்தப்பாவைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்தது. அம்மா பூக்கட்டுகிறவர். யாவாரி உதிரிப்பூவை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார், அம்மா கட்டிப் பந்தாகச் சுற்றி வைப்பார். கண்ணில் புரை விழுந்து, நூலுக்கும் காம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் விரலாலேயே தடவிக் கட்டிக்கொண்டிருந்தார். 2016-இல் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

அந்த ஆஸ்பத்திரியை டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் பதினோரு படுக்கையோடு தொடங்கினார். அங்கே கட்டணம் கட்டியும் பார்த்துக்கொள்ளலாம், இலவசமாகவும் பார்த்துக்கொள்ளலாம். எதற்குப் போவது என்பது நம் விருப்பம். வருமானச் சான்று கொண்டுவா என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் கட்டுகிற பணத்தில் கட்ட முடியாதவருக்கும் வைத்தியம் நடக்கிறது. நான் இலவசத்துக்கே போகலாம், ஆபரேஷன் ஒன்றுதான் என்றேன். அம்மா நடைபாதையிலேயே நின்றுவிட்டார். பருப்பு டப்பாவில் சேர்த்த பணத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். "இல்லாதவங்க வர்ற இடம்டி அது. எங்கிட்ட இருக்கு" என்றார். பத்து ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாள்கள். மல்லிகை வாசம் அடித்தது அந்த நோட்டுகளில். எண்ணி முடிக்க ரொம்ப நேரமானது. பின்னால் நின்றவர்களைப் பற்றிக் கவலையே படவில்லை.

இதை வறட்டுக் கௌரவம் என்று என் தம்பி சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2019-இல் அடுத்த கண்ணிலும் புரை முற்றியது. அந்த மழையில் வீட்டுச் சுவர் விழுந்து இருந்த காசெல்லாம் அதற்கே போயிருந்தது. அம்மாவே சொன்னார், "இந்தத் தடவை இலவசத்துக்குப் போவோம், இப்ப எங்கிட்ட இல்ல." அதே நடை, அதே நிமிர்ந்த முதுகு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு, சொட்டு மருந்து எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று இருந்தது.

மேலூரிலிருந்து

எல்லார் வீட்டுக்கும் சித்தப்பா பஸ் ஏறி வருவதில்லை. அதையும் யாராவது எழுத வேண்டும்.

என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் எத்தனை பவுன் என்று கேட்டார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஆனால் அவர்கள் கேட்டதற்குப் பெயர் வரதட்சணை இல்லையாம், "உங்க பொண்ணுக்கு நீங்க போடுறது"தானாம். அப்பா நாற்பது சென்ட் நஞ்சையை விற்கத் தயாரானார். அக்காதான் முடியாது என்று சொன்னாள். அடுத்த நான்கு வருஷம் ஊரில் அவளைப் பற்றிப் பேசியதை இங்கே எழுத மாட்டேன். இப்போது அவளுக்குப் பிடித்த வாழ்க்கை அமைந்திருக்கிறது. ஆனாலும் அந்த நான்கு வருஷத்தை யாரும் திருப்பித் தரவில்லை. மனசு தெளிவாக இருந்தால் போதும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தெளிவாக இருந்தவள்தான் அவள். இரவில் அழுததும் அவள்தான்.

செல்லூரிலிருந்து

தம்பி, நீ சொல்வது முழுக்கச் சரி. எனக்கு வாய்த்த சொந்தம் அப்படி. அது இல்லாதவர்களுக்கு நான் புத்தி சொல்ல முடியாது. உன் அக்காவைக் கேட்டதாகச் சொல்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். என் மாமியார் வருஷா வருஷம் மீனாட்சி திருக்கல்யாணத்துக்குப் போவார். தாலிக் கயிறு மாற்றிக்கொண்டு, அம்மனுக்கு மொய் எழுதிவிட்டு, விருந்திலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். 2020-லும் 2021-லும் மக்கள் இல்லாமல் திருக்கல்யாணம் நடந்தபோது, விட்டுப்போன மொய்யைத் தனியாக எடுத்து வைத்திருந்து, 2022-இல் சேர்த்து எழுதினார். "அவ கேக்க மாட்டா. நம்ம வீட்டுப் பொண்ணு கல்யாணம்டா, போகாம இருக்க முடியுமா" என்றார்.

போன தையில் தங்கை மகளுக்குச் சடங்கு. நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸிலேயே பத்திரிகை அடித்தோம். நான்தான் டைப் செய்தேன். தாய்மாமன் வரியில் என் பெயரை அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கர்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் எதுவும் போடவில்லை. ப்ரூப்பைச் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். என் பெயரில் விரல் கொஞ்சம் நின்றது.

"எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லடா, அடிச்சிரு" என்றார்.