புதுப்பிப்பு: மலை இளைஞர் விடுதியில் தங்கிய பின்

மலைப்பகுதி இளைஞர் விடுதிக்கு உறக்கப்பை கொண்டுபோக வேண்டுமா, பலர் சேர்ந்து படுக்கும் கூடத்தில் தூக்கம் வருமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தங்கிவிட்டுத் திரும்பியிருப்பதால், அடுத்துச் செல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உறக்கப்பை தேவைப்படவில்லை; கம்பளி விடுதியிலேயே கிடைத்தது. ஆனால் தண்ணீரும் வெயிலும் அரிதான உயரத்தில் கம்பளிகளை அடிக்கடி துவைக்க முடியாது என்பதால், பைபோலத் தைத்த மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்து வானிலையை நம்பித் துணி எடுத்துவைக்கக் கூடாது.

கூடத்தில் என் தூக்கத்தைக் கலைத்தது குறட்டை அன்று. விடியுமுன் மலையேறக் கிளம்பியவர்களின் பிளாஸ்டிக் பைகள் எழுப்பிய சரசரப்புதான். மறுநாளுக்கு வேண்டியதை முன்னிரவிலேயே துணிப்பையில் எடுத்துவைத்தால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் நிம்மதியாக உறங்குவார். ஈரக் காலணிக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஊறியதும் மாற்றினால் காலைக்குள் பெருமளவு உலர்ந்துவிடும்.

1912இல் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் முதல் நிரந்தர இளைஞர் விடுதியைத் திறந்தது, மாணவர்கள் குறைந்த செலவில் ஊர் சுற்ற வேண்டும் என்பதற்காகத்தான். அந்த எளிமை இன்றும் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

விடுதி 2,500 மீட்டருக்கு மேல் இருந்தால் முதல் இரவில் தலைவலி வரலாம். வந்தால், அது தீரும்வரை மேலே ஏறாதீர்கள், கூடினால் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.