லயத்து வீட்டுக்கு சூழல் பாடம் தேவையா?

ஹட்டன் டீச்சர்
வணக்கம். வீட்டுல சூழலைப் பாதுகாக்கிறது எப்படின்னு பெற்றோர் கூட்டத்துல பேசச் சொல்லியிருக்காங்க. எங்க ஸ்கூல் பிள்ளைங்கள்ல முக்கால்வாசிப் பேர் தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதான் ஒட்டிக் கட்டின வரிசை வீடுகள்ல, இருந்து வர்றவங்க. நான் குறிச்சு வெச்சிருக்கிறது இதுதான்: கடைக்குத் துணிப்பை, மரக்கறிக் கழிவுல உரம், பொலித்தீன் எரிக்காம இருக்கிறது, விறகக் குறைக்கிறது, கைப்பிள்ளைக்கு பம்பர்ஸுக்குப் பதிலா துணி. எது நடக்கும், எது நடக்காதுன்னு ஒளிக்காம சொல்லுங்க.

கவ்வாத்துக்கத்தி
கோவிச்சுக்காதீங்க டீச்சர். யாருக்கு யார் பாடம் எடுக்கிறது? எங்க லயத்துல கார் இல்ல, ஏசி இல்ல, பாதி வீட்டுல ஃபிரிட்ஜ் கூட இல்ல. மா வந்த சாக்கத் துவைச்சு தலையணை உறை தைக்கிற சனம் இது. 2022 ஆகஸ்ட்ல மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயில இருந்து 340க்கு ஒரே பாய்ச்சலாப் பாஞ்சுச்சே, அப்ப எண்ணெய் அடுப்ப மூலையில போட்டவங்ககிட்டப் போய் சிக்கனம் பேசப் போறீங்களா?

குப்பைக் கதைக்கு வருவோம். டவுன்ல குப்பை அள்ளுற டிரக்டர் வருது. தோட்டத்து கேட்டோட திரும்பிருது. 1987ஆம் வருஷத்துப் பிரதேச சபைச் சட்டத்துல 33ஆம் பிரிவக் காட்டியே, சபைக் காச தோட்டத்துக்குள்ள செலவழிக்க ஏலாதுன்னு முப்பது வருஷம் ஓட்டினாங்க. 2018ல சட்டத்தத் திருத்தியாச்சு. எங்க டிவிஷனுக்கு டிரக்டர் இன்னும் வரல. எரிக்காதேன்னா எங்க கொட்டுறது? மொதல்ல அதச் சொல்லுங்க.

பீலிக்கரை
அண்ணே, டிரக்டர் வரலங்கிறது சரி. அதுக்காக மழைத்தண்ணி ஓடுற கான்ல போடுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

நான் லயத்துலதான் இருக்கேன், அதனால சொல்றேன். மழை பேஞ்சு விட்டதும் எங்க லயத்துக்குக் கீழ இருக்கிற மதகுகிட்ட வந்து பாருங்க. பம்பர்ஸ் ஒண்ணுமேல ஒண்ணு அடைச்சுக்கிட்டு நிக்கும். தண்ணி குடிச்சு உப்பி, ஓரம் கிழிஞ்சு, உள்ள இருக்கிற சாமான் ஊறின ஜவ்வரிசி மாதிரி வெளிய வழியும். நாய் இழுத்துக்கிட்டுப் போய் தேயிலைக்குள்ள போடும். கொழுந்து எடுக்கப் போறவங்க கையில அதுதான் தட்டுப்படுது. கீழ் லயத்து ஆளுங்க தண்ணி கொட்டுற பீலியில குளிக்கிறதும் இந்தத் தண்ணியிலதான். அவங்க யாரு? என் சின்னம்மா வீடு.

அதோட முடியுதா? எங்க ஓடைத் தண்ணி காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகுது, அங்க இருந்து களனி கங்கை. அம்பத்தளையில அதைத்தான் சுத்தம் பண்ணி கொழும்புக்குக் குடிக்கக் குடுக்கிறாங்க.

பம்பர்ஸே வேணாம்னு சொல்ல மாட்டேன் டீச்சர், அத நீங்களும் சொல்லாதீங்க. ஜூன், ஜூலை மழையில துணி காயாது. அடுப்புக்கு மேல கயிறு கட்டிப் போட்டா காயும், ஆனா பிள்ளை மேலெல்லாம் பொகை நாத்தம். நாங்க பகல்ல துணி, ராத்திரிக்கும் கிளினிக் போற அன்னைக்கும் மட்டும் பம்பர்ஸ்னு வெச்சிருக்கோம். அதுலயே மாசம் ஒரு பக்கட் மிச்சம்.

கொழும்புவாசி
நண்பர்களே, நானும் மலையகத்தில் பிறந்தவன்தான், இப்போது தலைநகரில் வேலை. பம்பர்ஸ், பை என்று சின்ன விஷயங்களைப் பேசிக்கொண்டிருக்கிறோம். பெரிய பிரச்சினை விறகு. விறகுக்காகத்தான் மலைநாட்டுக் காடுகள் அழிகின்றன. ஒவ்வொரு குடும்பமும் கேஸுக்கு மாறினால் பாதிப் பிரச்சினை தீரும். போன சீசனில் சிவனொளிபாதமலை ஏறினேன், வழியெல்லாம் பிளாஸ்டிக் போத்தல். நம் மக்களுக்கு இன்னும் விழிப்புணர்வு போதாது.

கவ்வாத்துக்கத்தி
தம்பி, டிசம்பர் பௌர்ணமிப் போயாவுல இருந்து வெசாக் வரைக்கும் மலை ஏறுறவங்க எந்த ஊர்ல இருந்து வர்றாங்கன்னு நல்லதண்ணி பஸ் ஸ்டாண்டுல ஒரு ராத்திரி நின்னு பாருங்க. போத்தலப் போட்டுட்டுப் போறது ஒருத்தன், பொறுக்குறது எங்க ஆள், விழிப்புணர்வு மட்டும் எங்களுக்குத்தான் இல்லையா?

விறகுக்கு எவன் காட்டுக்குப் போறான்? மூணுல இருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு மலையிலயும் தேயிலைச் செடியக் கழிச்சு கவ்வாத்து வெட்டுறாங்க. அதுல விழுற மிலாறு, நிழலுக்கு நட்ட சவுக்குல கழிக்கிற கொப்பு, இதான் எங்க விறகு. வெட்டின செடி திரும்பத் துளிர்க்குது, மிலாறு அடுப்புல எரியுது. கேஸ் கப்பல்ல வருது. 2022ல கப்பல் வரலன்னதும் கொழும்புல சிலிண்டர உருட்டிக்கிட்டு ரோட்டுல படுத்துக் கெடந்தாங்களே, அந்த மாசமெல்லாம் எங்க அடுப்பு எரிஞ்சுச்சு. அப்ப எங்கள யாரும் பாவம்னு சொல்லல.

பீலிக்கரை
எங்க அடுப்பு, எங்க அடுப்புங்கிறீங்களே அண்ணே, அதுக்கு முன்னால குந்தியிருக்கிறது நீங்களா?

காட்டு மரம் இல்லங்கிறது சரி. மிலாறு பச்சையா இருந்தா அடிக்கிற பொகைக்கு என்ன பதில்? எங்க அம்மா காலையில நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, சாயத் தண்ணி வெச்சு, எல்லாருக்கும் கட்டிக் குடுத்துட்டுத்தான் மலைக்குப் போவாங்க. பொகைபோக்கி இல்லாத குசினி. செவுத்துல கைய வெச்சா கரி. இப்ப ஏறக்கட்டுல நாலு எட்டு வெக்க ஏலாம மூச்சு இழுக்குது. மரம் திரும்பத் துளிர்க்கும், அம்மாவோட நெஞ்சு துளிர்க்குமா?

தம்பிக்கும் சொல்றேன். கேஸுக்கு மாறுன்னு ஒரு சொல்லுல முடிச்சுட்டீங்க. 2024ல கெசட்டுல போட்ட அடிப்படை நாள் சம்பளமே 1350 ரூபா. சிலிண்டருக்கு மொத்தமா எடுத்து வெக்க எந்த மாசத்துல ஏலும்? எங்க வீட்டுல இருக்கிறது அனகி அடுப்பு. 1980கள்ல வந்த களிமண் அடுப்பு அது. ஒரு வாயில விறகு வெச்சா ரெண்டு சட்டி கொதிக்கும், முன்னால சோறு, பின்னால கறி. சுத்திவர மண்ணும் சாணியும் பூசி இறுக்கிட்டா சூடு வெளிய போகாது. மூணு கல்லு அடுப்புக்குப் போற விறகுல நல்லாக் கொறையும். விறகு காஞ்சிருக்கணும், அதான் முக்கியம். மழைக்கு முன்னாலயே மிலாற வெட்டி வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பு ஓரமா தகரத்துக்குக் கீழ அடுக்கிருவோம். அடுப்புக்கு மேல ரெண்டு தகரத்த வளைச்சு ஒரு பொகைபோக்கி வெக்க ஆம்பளைங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போதும். அந்த ஞாயித்துக்கிழமைதான் வர மாட்டேங்குது.

ஊவாக்காத்து
உரம் பத்தி ஒருத்தரும் பேசல, நான் பேசுறேன். பண்டாரவளைப் பக்கம் மரக்கறி போடுறவன். 2021ல அரசாங்கம் இரசாயன உரத்த ஒரேயடியா நிப்பாட்டின கதைக்கு அப்புறம் எங்க ஊர்ல கம்போஸ்ட்னு சொன்னாலே அடிக்க வருவாங்க. ஆனா ஏக்கர் கணக்குல கோவாவும் லீக்ஸும் விளைவிக்கிறது வேற, குசினிக் கழிவ மண்ணாக்கிறது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

டீச்சர், புஸ்தகத்துல இருக்கிற மாதிரி ஒரு வாளியில தோலப் போட்டு மூடி வெச்சா மேல்நாட்டுக் குளிருக்கு அது அழுகி நாறும், மக்காது. குவியல் சூடேறணும்னா நீளம், அகலம், உயரம் மூணும் ஒரு மீட்டராவது வேணும். ஒரு வீட்டுக் கழிவுல அது சேராது. மூணு நாலு வீடு சேந்து ஒரே குவியல் போடுங்க. ரோட்டோரம் மஞ்சளாப் பூத்துக் கெடக்குதே காட்டு சூரியகாந்தி, பூக்க முன்னாடி அந்தத் தழைய வெட்டி ஒரு தட்டு, காஞ்ச புல்லு ஒரு தட்டு, சாணி கொஞ்சம். மேல பழைய படங்கு ஒண்ணப் போட்டு மூடுங்க, இல்லாட்டி சத்தெல்லாம் மழையோட போயிரும்.

மீன் தலை, கோழிக் குடலெல்லாம் அதுல போடவே கூடாது. பன்றி வந்து கெளறும், நாய் சேரும். நாயத் தேடி சிறுத்தை லயத்துக் கோடிக்கே வரும். விளையாட்டுக்குச் சொல்லல.

கவ்வாத்துக்கத்தி
குவியல் போடுறோம். யாரு நெலத்துல? லயத்துக்குப் பின்னால இருக்கிற துண்டு தோட்டத்துக்குச் சொந்தம். எங்கப்பா போட்ட கெழங்குப் பாத்தியில போன வருஷம் தேயிலைக் கன்னு நட்டுட்டாங்க. 7 பேர்ச்சஸ் காணியும் வீடும் கெடைச்சவன் மண்ண வளக்கிறான். பத்திரம் இல்லாதவன் யாருக்கு உரம் போடுறது?

ஊவாக்காத்து
அண்ணே, பத்திரம் வர்ற வரைக்கும் பிள்ளைக்குக் கீரை வேணாமா? சாக்குல மண்ண நிரப்பி நடுங்க. தொரத்தினா சாக்கத் தூக்கிக்கிட்டுப் போயிரலாம்.

கவ்வாத்துக்கத்தி
இருநூறு வருஷமா அதைத்தானே செய்றோம், சாக்கத் தூக்கிக்கிட்டுப் போறது.

ஹட்டன் டீச்சர்
இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா பை விஷயத்த யாரும் தொடலயே? சிலிசிலி பேக்னு சொல்ற மெல்லிய பொலித்தீன் பை, சாப்பாடு சுத்துற பொலித்தீன் லன்ச் சீட்? லன்ச் சீட்ட 2017 செப்டம்பர்லயே தடை பண்ணியாச்சு, பிள்ளைங்க இன்னும் அதுலதான் ரொட்டிய சுத்திக்கிட்டு வர்றாங்க.

பீலிக்கரை
பெட்டியில குடுத்தா பிள்ளை தொலைச்சுட்டு வருது டீச்சர், அதான் விஷயம். பேர் எழுதி, இடைவேளைக்குப் பிறகு பெட்டிய எண்ணி அனுப்புங்க, நாங்க பெட்டியிலயே தர்றோம். சிலிசிலி பேக்க விடுங்க, எங்க வீட்டுல ஒரு பேக் கிழியிற வரைக்கும் கழுவிக் கழுவித்தான் பாவிக்கிறோம். எரிக்க மட்டும் வேணாம்னு கட்டாயம் சொல்லுங்க. எங்க பக்கத்துக் காம்பராவுல பொலித்தீனப் போட்டுத்தான் அடுப்பே பத்த வெக்கிறாங்க, அந்தப் பொகையிலதான் கைக்கொழந்தை தூங்குது.

கவ்வாத்துக்கத்தி
பேக்க விட்டாலும் சின்னப் பக்கட்டு இருக்கே. 2021 மார்ச் 31ல இருந்து 20 மில்லிலீட்டருக்கு மேற்படாத ஷாம்பு பக்கட்டுக்கெல்லாம் தடைன்னாங்க. சாப்பாட்டுச் சாமானுக்கும் மருந்துக்கும் விலக்கு. அப்ப தேயிலைத்தூள் பக்கட்டு, மசாலா, பிஸ்கட் கவர் எல்லாம் அப்படியே கான்லதான். எங்க சனம் சின்னப் பக்கட்டா வாங்குறது ஆசையில இல்ல, கையில இருக்கிறது அவ்வளவுதான். கடைக்காரன் டின்ன வெச்சு அளந்து குடுத்தா நாங்க போத்தலக் கொண்டு போக மாட்டோமா? கூட்டத்துக்கு அவனையும் கூப்பிடுங்க. பிரதேச சபை மெம்பரையும் கூப்பிடுங்க. நானும் வர்றேன், 33ஆம் பிரிவுக்குப் பிறகு டிரக்டர் எங்க போச்சுன்னு மைக்க வாங்கிக் கேக்கிறேன்.

ஹட்டன் டீச்சர்
மெம்பருக்குக் கடிதம் குடுக்க அதிபர்கிட்டக் கேக்கிறேன். கடைக்காரர்கிட்ட நானே பேசுறேன். கூட்டம் பின்னேரம் ரெண்டு மணிக்கு.

பீலிக்கரை
ரெண்டு மணின்னா நாங்க கொழுந்து நிறுக்க நிப்போம், யாரு வர்றது? ஞாயித்துக்கிழமை வைங்க. கடிதத்துல "தாய்மார்"னு போடாம "தகப்பன்மார் கட்டாயம்"னு போடுங்க. அந்தப் பொகைபோக்கி விஷயத்த அவங்க முன்னால நான் பேசணும்.