கட்டாயமாகப் பயன்படுத்தும் மென்பொருளின் எளிமையை எப்படி அளப்பது?

கேள்வி (கணினிப்பிரிவு)

வணக்கம். ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் மருந்துக் கிடங்கிலும் வார்டுகளிலும் சுமார் அறுபது பேர் பயன்படுத்தும் இருப்பு மென்பொருள், கையாள எளிதாக இருக்கிறதா என்பதை அளந்து, புதிய பதிப்புக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுக் காட்டும்படி நிர்வாகம் கேட்டிருக்கிறது. 32 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை நானே தயாரித்து, முன்னோட்டமாகப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்தேன். பெரும்பாலோர் 'நன்று' என்ற பத்தியிலேயே மேலிருந்து கீழாக டிக் அடித்துத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஆனால் அதே ஊழியர்கள், வந்த மருந்துகளின் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் முதலில் ஒரு நீள நோட்டில் எழுதிவைத்து, மாலையில்தான் கணினியில் ஏற்றுகிறார்கள். என் வினாத்தாளில் எங்கே பிழை?

மறுமொழி (அளவுகோல்)

வினாத்தாளைவிட அந்த நோட்டுதான் உங்களுக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது.

பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓ-வின் 9241-11 தரநிலை பயன்பாட்டு எளிமையை மூன்றாகப் பிரிக்கிறது: வேலை சரியாக முடிகிறதா, அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் ஆகின்றன, செய்பவருக்கு நிறைவு இருக்கிறதா. உங்கள் 32 கேள்விகளும் மூன்றாவதை மட்டுமே தொடுகின்றன என்று நினைக்கிறேன். அதற்கு 32 தேவையே இல்லை. ஜான் புரூக் 1986-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் உருவாக்கிய எஸ்யூஎஸ் (System Usability Scale) என்ற பயன்பாட்டு எளிமை அளவுகோலில் பத்தே வாக்கியங்கள்தாம்; ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறோம் என்று 1 முதல் 5 வரை மதிப்பிட வேண்டும். ஒற்றைப்படை வாக்கியங்கள் மென்பொருளைப் புகழ்பவை, இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்பவை. ஒற்றைப்படையில் கிடைத்த மதிப்பிலிருந்து 1-ஐக் கழித்து, இரட்டைப்படையில் கிடைத்ததை 5-இலிருந்து கழித்து, எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் கிடைக்கும். கூட்டுத்தொகை 27 என்றால் மதிப்பெண் 67.5. இதைச் சதவீதம் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். பல நூறு ஆய்வுகளின் சராசரியே 68 என்பதால், நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள் என்றுதான் அதற்குப் பொருள்.

அலுவலக மென்பொருளுக்கு இதிலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் வாக்கியம், 'இதை அடிக்கடி பயன்படுத்த விரும்புவேன்' என்கிறது. நான் ஒருமுறை இதைக் கொடுத்தபோது ஓர் எழுத்தர், "விரும்பாவிட்டால் விட்டுவிடலாமா?" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டு, மீதி ஒன்பதின் கூட்டுத்தொகையை 100/36-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். மதிப்பெண் பெரிதாக மாறாது என்பதை 2017-இல் லூயிஸ், சாரோ என்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

தாளில் பெயரும் பிரிவும் கேட்டிருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். மேலதிகாரியின் மேசைக்குப் போகும் தாளில் குறை எழுத யாருக்கும் துணிவு வராது.

மறுமொழி (சொற்பொருள்)

மொழியைப் பற்றி ஒரு சொல். எஸ்யூஎஸ்-இன் எட்டாம் வாக்கியத்தில் இருந்த ஓர் ஆங்கிலச் சொல்லே, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களைக் குழப்பியது என்று 2006-இல் கண்டறியப்பட்டு, பிறகு பலரும் அதை எளிய சொல்லாக மாற்றிக்கொண்டார்கள். தமிழில் 'தேவையில்லாமல் சிக்கலாக இல்லை என்பதை ஏற்கவில்லை' என்கிற அளவுக்குப் போய்விட்டால் வாசிப்பவர் எந்தப் பக்கம் டிக் அடிப்பார்? எல்லா வாக்கியங்களையும் நேர்மறையாக எழுதிய வடிவமும் 2011-இல் சோதிக்கப்பட்டு, ஏறத்தாழ ஒரே மதிப்பெண்ணைத்தான் தந்திருக்கிறது. அதை எடுத்துத் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பத்து நாட்களாக வினாத்தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, கிடங்கில் ஒரு ஸ்டூலைப் போட்டு அமர்ந்து பார்த்தேன். மருந்து அட்டையில் காலாவதி மாதமும் ஆண்டும் மட்டுமே அச்சாகியிருக்கின்றன. எங்கள் திரையோ நாளையும் கேட்கிறது. சிலர் 1 என்றும் சிலர் மாதத்தின் கடைசி நாளையும் இடுகிறார்கள். இதனால் ஒரே பேட்ச் இருப்புப் பட்டியலில் இரண்டு வரிகளாக நிற்கிறது. அதைச் சரிபார்க்கத்தான் அந்த நோட்டு. என் 32 கேள்விகளில் தேதியைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

மறுமொழி (அளவுகோல்)

இதோ உங்கள் இரண்டாவது அளவு. ஒரே பேட்ச் எண் இரண்டு தேதிகளோடு பதிவான வரிகள் மாதத்துக்கு எத்தனை என்று தரவுத்தளத்திலிருந்தே எண்ணிவிடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. சரக்கு வரவு ஒன்றைப் பதிய ஆகும் நேரத்தையும் குறியுங்கள். ஒருவர் தொலைபேசி எடுக்கப் போய்விட்டால் சராசரி குலைந்துவிடும் என்பதால் இடைநிலை அளவையே (நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) பயன்படுத்துங்கள். புதிய பதிப்பு வந்த முதல் வாரத்தில் அளக்க வேண்டாம். கை பழகாத தடுமாற்றம்தான் அதில் பதிவாகும்.

தேதிப் பெட்டியை நாளைக்கே திருத்தத் தோன்றும். திருத்துவதற்கு முன் இந்த மாதக் கணக்கை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.