ரதெல்ல ஏற்றத்தில் சோர்ந்துபோன கார்

குழு: எங்கள் வீட்டார்

பெரியக்கா (மாலை 5.12): தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் வழியில், ரதெல்ல குறுக்கு வீதி ஏற்றத்தில் எங்கள் நிசான் கார் திடீரென்று இழுவை இழந்துவிட்டது. என்ஜின் விளக்கு எரிந்தது. பெடலை அடிவரை மிதித்தும் என்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் போகவில்லை. ஊர்ந்து ஊர்ந்து நானுஓயா வந்து சேர்ந்தோம். இங்குள்ள கராஜில், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டல் பொடியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

சின்ன மாமா, கொட்டகலை (5.20): பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி, கால் மணித்தியாலம் விட்டுப் பூட்டிப் பார், மகள்.

பெரியக்கா (5.58): பூட்டிப் பார்த்தோம், மாமா. விளக்கு அணைந்தது; ஆனால் இப்போது பெடலிலிருந்து காலை எடுத்தவுடன் என்ஜின் நின்றுவிடுகிறது.

தம்பி, கண்டி (6.10): அக்கா, எதையும் வாங்கிவிடாதீர்கள். பற்றரியைக் கழற்றும் முன்பு ஸ்கேனரில் என்ன பிழைக் கோட் காட்டியது?

பெரியக்கா (6.13): பி 2119 என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள்.

தம்பி (6.31): நல்லது. த்ரொட்டல் பொடிக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் தகடு, கட்டளையிட்ட அளவுக்கு அசையவில்லை என்பதே அதன் பொருள். பி 2135 வந்திருந்தால் தகட்டின் திறப்பை அளக்கும் இரண்டு சென்சர்களின் கணக்கு ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று வயரையும் பிளக்கையும் தேட வேண்டியிருக்கும். துடைப்பதால் அது தீராது. உங்கள் காரில் பெடலுக்கும் தகட்டுக்கும் இடையே கேபிள் கிடையாது. ஒரு சிறிய மோட்டார்தான் தகட்டைத் திறக்கிறது. அதை நம்ப முடியாத நிலை வந்தால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, மோட்டாரைக் கைவிட்டுவிடும். ஸ்பிரிங் தகட்டை ஏறத்தாழ 5 பாகை திறப்பில் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஊர்ந்து வந்தது அந்த இடுக்கு வழியே வந்த காற்றில்தான்.

சின்ன மாமா (6.36): அப்படியென்றால் பற்றரியைக் கழற்றியதும் ஏன் நிற்கிறது? எங்கள் தோட்டத்து லொறியில் ஒரு ஸ்குரூவைத் திருப்பினால், பெடலை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் ஐடில் வேகம் சரியாகிவிடும்.

தம்பி (6.52): அந்த ஸ்குரூவின் வேலையை இப்போது ஈசியூவின் ஞாபகம் செய்கிறது, மாமா. என்ஜினின் அடியிலிருந்து வரும் எண்ணெய் ஆவி தகட்டின் விளிம்பில் கரியாகப் படிந்து காற்று போகும் இடுக்கை அடைக்க அடைக்க, ஈசியூ தகட்டைச் சிறிது சிறிதாகக் கூடுதலாகத் திறந்து அந்த அளவை நினைவில் வைத்திருக்கிறது. பற்றரியைக் கழற்றியதில் அந்தக் கணக்கு அழிந்தது. கரி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே முதலில் கரியைத் துடைக்க வேண்டும், பிறகு ஈசியூவுக்கு அந்த அளவைப் புதிதாகக் கற்பிக்க வேண்டும்.

சாவியை எடுத்துவிட்டுக் காற்றுக் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். த்ரொட்டல் கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்கட்டும். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், உட்பூச்சைத் தின்றுவிடக்கூடும். தகட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பவே கூடாது, உள்ளே இருப்பவை பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். காற்றளவு சென்சரின் மீது ஒரு துளியும் படக்கூடாது.

பெரியக்கா (மறுநாள் காலை 9.40): துடைத்தாயிற்று. துணி அடுப்படித் துணியைப் போலக் கறுத்துவிட்டது. இப்போது நிற்கவில்லை, மாறாக 1,500 சுற்றில் இரைகிறது.

தம்பி (9.47): எதிர்பார்த்ததுதான், அடைப்பு போனதால் காற்று கூடிவிட்டது. கைபேசியில் விநாடி பார்க்க ஒருவரை அருகில் அமர்த்துங்கள். என்ஜினை நன்றாகச் சூடாக்கி, கியர் பி-யில், ஸ்டியரிங் நேராக இருக்கும்போது நிறுத்துங்கள். பெடலைத் தொடாமல் சாவியை ஓன் செய்து 2 விநாடி, ஓஃப் செய்து 10 விநாடி. இதை இரண்டு தடவை செய்யுங்கள். பிறகு ஓன் செய்து 3 விநாடி பொறுத்து, 5 விநாடிக்குள் பெடலை ஐந்து முறை முழுதாக மிதித்து விடுங்கள். 7 விநாடி காத்திருந்து மீண்டும் முழுதாக மிதித்துப் பிடித்திருங்கள். என்ஜின் விளக்கு மின்னத் தொடங்கி, ஏறத்தாழ 20 விநாடியில் மின்னுவது நின்று ஒரே சீராக எரியும். அப்போது 3 விநாடிக்குள் காலை எடுத்து, ஸ்டார்ட் செய்து, 20 விநாடி எதையும் தொடாமல் விடுங்கள். இது நிசானுக்கு உரிய முறை. மாமா இதைத் தம் நண்பர்களின் சுசுகிக்கெல்லாம் அனுப்ப வேண்டாம்.

பெரியக்கா (10.25): இரண்டு தடவை செய்தும் இரைச்சல் குறையவில்லை.

தம்பி (10.27): ஏசி, விளக்குகள் எல்லாம் ஓஃப்தானே? மின்சாரச் சுமை இருந்தால் கற்றுக்கொள்ளாது.

பெரியக்கா (10.31): இங்கே ஒரே பனிமூட்டம். காலையில் வரும்போது போட்ட பெரிய விளக்கும், பின்கண்ணாடிச் சூடாக்கியும் அப்படியே எரிகின்றன.

தம்பி (10.32): இரண்டையும் அணையுங்கள். என்ஜின் 70 பாகைக்கு மேல் சூடாக இருக்கவேண்டும். அங்குள்ள குளிரில் அது சீக்கிரம் ஆறிவிடும், ஆகவே மறுபடியும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

பெரியக்கா (11.18): மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது! 700 அளவில் அமைதியாக நிற்கிறது. ரதெல்லவில் இறங்கி மறுபடியும் ஏறிப் பார்த்தோம், விளக்கு வரவில்லை.

தம்பி (11.24): இரண்டு வாரத்துக்குள் அதே கோட் திரும்பி வந்தால் மட்டும் மோட்டாரைச் சந்தேகிப்போம்.

சின்ன மாமா (11.30): மீதி ஸ்பிரேயை வீசிவிடாதே, மகள். என் பழைய வேனுக்கும் கற்பிக்க வேண்டும்.

தம்பி (11.31): உங்கள் வேனில் இருப்பது கேபிள், மாமா. துடைத்தால் போதும், அந்த ஸ்குரூவை நீங்களே திருப்பிக்கொள்ளுங்கள்.