முத்துலட்சுமி ரெட்டி வாழ்க்கைச் சுவரொட்டி: ஒரு கட்டத்திற்கு உங்கள் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையை ஒரே தாளில் ஓவியங்களோடு சொல்லும் சுவரொட்டி ஒன்றை வரைந்து வருகிறேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றது, சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவரானது, ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லம், 1954இல் திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றுக்குக் கட்டங்கள் ஒதுக்கிவிட்டேன். ஆனால், அவர் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக 1947இல் நிறைவேறிய தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை எப்படி வரைவதென்றுதான் தெரியவில்லை. அறுந்து கிடக்கும் சலங்கையைப் பென்சிலில் வரைந்து பார்த்தேன். அது அந்தப் பெண்களின் கலையையே பழிப்பதுபோல் தோன்றியதால் அழித்துவிட்டேன். அவர்களுடைய மதிப்பு சற்றும் குறையாமல் அந்த விடுதலையைக் காட்டக்கூடிய காட்சி எதுவென்று சொல்லுங்கள். அக்கால மாணவியரின் உடை தெளிவாகத் தெரியும் பழைய நிழற்படங்கள் வைத்திருப்போர் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.