யப்பானிய ஒலிப்பாடம் 12க்குப் பிறகு வாயே திறக்க முடியவில்லை, உதவி தேவை

மல்லாவிப் பொடியன்:
அவசரம். யப்பான் மொழி கதைக்கப் பழகுகிறேன். ஓடியோப் பாடம்தான். 11 வரைக்கும் பிரச்சினை இல்லை. 12இல் இருந்து அவன் கேள்வி கேட்கிறான், நான் வாய் திறக்க முதல் அவனே பதிலையும் சொல்லி முடிக்கிறான். கொப்பியில் எழுதி வைத்ததைப் பார்த்துச் சொன்னாலும் அவன் சொல்வது வேறு மாதிரிக் கேட்கிறது. அடுத்த மாதம் நேர்காணல். கெதியாகச் சொல்லுங்கோ.

முறிகண்டியான்:
எந்தப் பாடம் தம்பி? பிம்ஸ்லர் கம்பனியின் ஓடியோப் பாடமா, யப்பான் வானொலி என்எச்கேயின் பாடமா? விளக்கம் எந்த மொழியில்? என்ன வேலைக்கு நேர்காணல்? எல்லாப் பாடத்திலும் ஒரு 12 இருக்கும்.

பழைய மாணவன்:
இதற்கு இங்கே எத்தனையோ தடவை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. முதலில் ஹிரகானா என்ற யப்பானிய எழுத்து 46ஐயும் பாடமாக்கிவிட்டு வாரும். எழுத்துத் தெரியாமல் காதால் மட்டும் படிக்கிறது, நீச்சல் தெரியாமல் இரணைமடுக் குளத்தில் இறங்குகிற மாதிரி.

கணுக்கேணி:
போனில் ஓடுகிற வேகத்தைப் பார்த்தீரா?

சைத்தாமா அக்கா:
பழைய மாணவன், பிள்ளைகள் எழுத்துப் படித்துவிட்டா கதைக்கிறார்கள்? தம்பி, நீர் கொப்பியில் எந்த எழுத்தில் எழுதுகிறீர்? அதைச் சொல்லும்.

மல்லாவிப் பொடியன்:
பிம்ஸ்லர். சிநேகிதன் அனுப்பினவன். விளக்கம் இங்கிலிஷ். வேலை முதியோர் பராமரிப்பு. தமிழில்தான் எழுதுகிறேன், வேறு எதில் எழுதுவது? லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டும்போது கேட்பேன், ஒரு நாளைக்கு மூன்று பாடம்.

முறிகண்டியான்:
லாண்ட்மாஸ்டரில்! அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் தமிழில் கூப்பிட்டாலே கேட்காது. யப்பானியர் 'தெசு' என்பதை 'தெஸ்' என்றும் 'சுகி' என்பதை 'ஸ்கி' என்றும்தான் சொல்லுவார்கள். க, ச, த போன்ற வல்லொலிகளுக்கு நடுவிலும், அவற்றுக்குப் பிறகு சொல் கடைசியிலும் வருகிற உகரம், இகரம் பெரும்பாலும் வெறும் மூச்சு. அதை இயந்திரம் தின்றுவிடும்.

மூன்று பாடம் என்பதும் பிழை. ஒரு பாடம் அரை மணித்தியாலம், நாளைக்கு ஒன்றுதான். இந்தப் பாடமுறையை உருவாக்கிய போல் பிம்ஸ்லர் 1967இல் எழுதிய கணக்கே அதுதான்: ஒரு சொல்லை 5 விநாடியில் ஒருக்கா, 25 விநாடியில், 2 நிமிடத்தில், 10 நிமிடத்தில், பிறகு ஒரு மணித்தியாலம், 5 மணித்தியாலம், ஒரு நாள் என்று விட்டு விட்டு நினைவுபடுத்த வேண்டும். நீர் ஒரே பின்னேரத்தில் மூன்றையும் விழுங்கினால் அந்த இடைவெளி எங்கே?

சைத்தாமா அக்கா:
கொப்பிதான் முதல் குற்றவாளி. 'கடல்' என்பதில் இருக்கிற க வேறு, 'பகல்' என்பதில் இருக்கிற க வேறு. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. யப்பானிய மொழியில் அந்த இரண்டும் இரண்டு சொல்லாகிவிடும். சிப்பிக்கு அவர்கள் சொல்லுவதில் இரண்டு க-வும் 'கடல்' க. அதைக் 'ககி' என்று எழுதினால் நம் வாய் 'பகல்' க-வைப் போட்டுவிடும், அது திறப்பு, அதாவது சாவி. சரி, 'கக்கி' என்று எழுதினால் இரட்டித்துவிடும், அது இரண்டும் இல்லை. இடையில் நமக்கு எழுத்தே கிடையாது.

நான் யப்பானுக்கு வந்த புதிதில் இரவு வேலையில் ஒரு இயந்திரம் கத்திக்கொண்டே இருந்தது. 'சத்தம் தொல்லை' என்று சொல்ல வேண்டும். சத்தம் 'ஒதொ', த-வை 'கத்தி' என்பதில் வருகிற மாதிரி வல்லெழுத்தாக, ஆனால் ஒற்றையாகச் சொல்ல வேண்டும். நான் தமிழ் வழக்கப்படி 'ஒத்தொ உருசாய்' என்று அழுத்திவிட்டேன். 'ஒத்தொ' என்றால் புருஷன். பொறுப்பாளர் அம்மா என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னா. எனக்கு அப்போது கலியாணமே ஆகவில்லை.

நெடில் குறில் மட்டும் நமக்குப் பயமில்லை. 'ஒபசன்' மாமி, 'ஒபாசன்' பாட்டி. இங்கிலிஷ்காரர் தடுமாறுகிற இடத்தில் நாம் தப்பிவிடுவோம்.

பழைய மாணவன்:
ஆக, நான் சொன்னதுதான். ஹிரகானாவில் எழுதினால் இந்தச் சிக்கல் வராது. யப்பானில் வேலை செய்கிற 'குறிப்பிட்ட திறன்' விசாவுக்கு ஜேஎஃப்டி பேசிக் என்ற மொழித் தேர்வில் 250க்கு 200 எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜேஎல்பிடி என்4 தேற வேண்டும். ஜேஎஃப்டியில் பேசும் பகுதியே கிடையாது, எழுத்துப் பகுதி இருக்கிறது. பராமரிப்புக்கு அந்தத் துறை மொழித் தேர்வு வேறு. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

வன்னி மைந்தன்:
ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்? யப்பானிய மொழியே தமிழில் இருந்து போனதுதான். சுசுமு ஓனோ என்ற யப்பானிய அறிஞரே சொல்லிவிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துச் சண்முகதாசும் மனோன்மணியும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர்கள். நாங்கள் பொங்குகிற காலத்திலேயே சனவரி 15இல் அங்கேயும் சிறு புத்தாண்டு, சிவப்புப் பயறு போட்ட கஞ்சி. இது தற்செயலா?

பழைய மாணவன்:
ஓனோ 2008இல் காலமாகிவிட்டார். பெரும்பாலான மொழியியலாளர் அவர் சொன்னதை ஏற்கவில்லை. கஞ்சி குடித்தால் சொந்தமா? அப்படியென்றால் உலகத்தில் பாதி நமக்கு மச்சான்.

வன்னி மைந்தன்:
அவர்களுடைய அகரவரிசையைப் பாரும்: அ, க, ச, த, ந... இது எங்கிருந்து போனது?

முறிகண்டியான்:
பௌத்த பிக்குகள் கொண்டுபோன, சித்தம் என்ற வடமொழி எழுத்துப் படிப்பில் இருந்து. வடமொழி வரிசை அது. தமிழ் ஏற்றுமதி செய்யவில்லை.

வன்னி மைந்தன்:
தமிழன் பெருமையைத் தமிழனே ஒத்துக்கொள்ள மாட்டான்.

சைத்தாமா அக்கா:
சொந்தமோ இல்லையோ, வசன ஒழுங்கு ஒன்று. 'நான் நாளைக்குக் கிளிநொச்சிக்குப் போகிறேன்' என்பதை அப்படியே வரிசை மாறாமல் சொல்லலாம்: வதஷி வ, அஷித, கிளிநொச்சி நி, இகிமஸ். 'நி' நம் 'க்கு' நிற்கிற இடத்திலேயே நிற்கிறது, வினை கடைசியில். தம்பி, அவன் இங்கிலிஷில் கேட்டால் அதை நேரே யப்பானுக்குக் கொண்டுபோகாதேயும். முதலில் மனதில் தமிழ் வசனமாக்கும், பிறகு சொற்களை மாற்றும். வாய் பிந்துவதற்குப் பாதிக் காரணம் அந்தச் சுற்றுவழி. கொப்பியை மூடிவிட்டு, வயல் வேலை முடிந்து குளித்த பிறகு அமைதியான இடத்தில் ஒரு பாடம் கேளும்.

கணுக்கேணி:
வேகத்தைப் பார்த்தீரா என்று கேட்டேன்.

பழைய மாணவன்:
கேள்வி கேட்டவரையே காணவில்லை. வழக்கம்தான்.

வன்னி மைந்தன்:
ஹிரகானா வடிவத்தைக் கூடத் தமிழ் எழுத்தோடு வைத்துப் பார்த்தால்...

முறிகண்டியான்:
அது சீன எழுத்தை விரைவாக எழுதி எழுதி வந்தது. போதும் அண்ணை.

மல்லாவிப் பொடியன்:
மன்னிக்கவும், அறுவடை. தங்கச்சி போனில் ஏதோ பார்த்துவிட்டு வேகத்தை 1.5இல் விட்டிருக்கிறாள். இப்போது 1. வாய் பிந்தவில்லை. கணுக்கேணி அண்ணைக்கு நன்றி. ஆனால் சிப்பிக்கு இன்னும் திறப்பு என்றுதான் வருகிறது.