புதுப்பிப்பு: காரைக்குடி வீட்டில் இரண்டாம் கட்டுக்கு எட்டாத வைஃபை

முகப்பில் உள்ள ரவுட்டரின் அலை, முற்றத்தைச் சுற்றிய வளவைத் தாண்டி, பின்பகுதியான இரண்டாம் கட்டுக்கு வருவதற்குள் அறுந்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்ததன் தொடர்ச்சி இது. கைப்பேசியில் வைஃபை அனலைசர் செயலியை நிறுவி, கட்டுக் கட்டாக நடந்து அளந்தேன். முகப்பில் மைனஸ் 45 டிபிஎம் (அலை வலிமையின் அலகு; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்) காட்டிய அளவு, திறந்த முற்றத்தில் மைனஸ் 60-ஐ ஒட்டி நின்றது. கனத்த சுண்ணாம்புச் சுவரைக் கடந்து உள்ளறைக்குள் நுழைந்ததும் மைனஸ் 82-க்குச் சரிந்தது. காணொளி அழைப்பு தடையின்றி நடக்க மைனஸ் 67-ஆவது வேண்டும்.

செயலியின் வரைபடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அண்டை வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 6-ஆம் சேனலில் (அலைவரிசையில்) குவிந்திருக்க, எங்களுடையது 4-இல் இருந்து அவற்றோடு மோதிக்கொண்டிருந்தது. எங்கள் ரவுட்டர் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என்பதால் 1-க்கு மாற்றினேன்; முகப்பில் தடுமாற்றம் நின்றது. சுவர் என்னவோ சுவராகவே இருந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலையோ சுவரில் இன்னும் விரைவாக நலியும்.

அலையைப் பெற்று மீண்டும் பரப்பும் ரிப்பீட்டர் வாங்கச் சொன்னவர்கள் பொறுத்தருள்க: உள்ளறையில் வைத்தால் அது நலிந்த அலையைத்தான் திருப்பி அனுப்பும். சுவரில் துளையிட அப்பத்தா சம்மதிக்காததால், கதவு நிலைக்கு மேலுள்ள காற்றுத் துளை வழியாக ரவுட்டரிலிருந்து கேட்-6 நெட்வொர்க் கேபிளை இழுத்து, இரண்டாம் கட்டில் அதன்வழி வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் தனி ஆக்சஸ் பாயின்ட்டை 11-ஆம் சேனலில் வைத்தோம். இப்போது அங்கே மைனஸ் 50 கிடைக்கிறது.